ஒத்திகை அக்கா

சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் அந்த அடுக்குமாடியின் படிகளில் நான் முதல்தரம் ஏறியபோது, ஒரு பெண்ணும் ஒரு ஆணும் வெறுங்கையோடு அலுமாரி தூக்கிக்கொண்டிருந்தார்கள். பெண் மேலே நின்று பின்பக்கமாக ஏறினார். ஆண் கீழே, முழங்காலை மடித்து, பாரம் தாங்குகிற முகத்தோடு. இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

“மெல்ல, மெல்ல. உங்கட பக்கத்து மூலை சுவரில இடிக்கப்போகுது,” என்றார் அந்தப் பெண். பிறகு என்னைக் கண்டார். “தம்பி தமிழோ?”

“ஓம்.”

“அப்ப நடுவில ஒரு கை குடும். இவருக்கு நாரிப்பிடிப்பு.”

தோளில் கிடந்த பையை இறக்கிவைத்துவிட்டு நானும் காற்றைப் பிடித்தேன். மூன்று பேருமாகத் திருப்பத்தில் சரித்தோம், நிமிர்த்தினோம், மறுபடி சரித்தோம். வாசலில் நுழைக்கும்போது, “காலைப் பார்த்து வையும்” என்று எனக்கு எச்சரிக்கை வேறு. சுவரோரம் இறக்கியதும் அந்த ஆண் உண்மையாகவே நெற்றி வியர்வையைத் துடைத்தார். அடுத்த நாள் நிசமான அலுமாரி வந்தது. ஒரு கீறல் விழாமல் ஏறியது.

அன்றிலிருந்து அவரை நான் அக்கா என்றேன், அவருடைய கணவரை அண்ணை என்றேன். கீழ்மாடியில் ஒரு சிநேகிதனின் அறையில் ஒட்டிக்கொள்ள வந்தவன் நான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. லொறியின் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவிலும், ஒரு தரம் எண்ணெய்த் தாங்கிக்கு அடியிலும் கிடந்து எல்லைகளைத் தாண்டி வந்து சேர்ந்தேன். வந்த பிறகும் ஓரிடத்தில் இருக்கத் தெரியவில்லை. வில் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை, ஊஸ்டரில் ஒரு உணவகத்துக் குசினி, பிறகு ஷ்லீரன். இங்கே ஒரு கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் காவல் வேலை. கடுநீலச் சட்டை, தொப்பி, தோளில் பட்டி. நான் போட்ட உடுப்புகளிலேயே அக்காவுக்கு ஆகப் பிடித்தது அதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அக்கா எதையும் முதல்தரமாகச் செய்ய மாட்டார். பல்வைத்தியரிடம் போவதற்கு முதல் நாள் குசினிக் கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருந்து பார்ப்பார். விருந்துக்கு ஆட்கள் வருவதென்றால் காலையில் வெறும் கோப்பைகளை வைத்து, யார் எங்கே இருப்பது, யார் எழும்பினால் யார் நகர வேண்டும் என்று நடத்திப் பார்ப்பார். எல்லாருடைய இடத்திலும் அவரே மாறி மாறி இருப்பார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு காரணம் சொன்னார், ஒரு நாள் சலவை மடிக்கிற நேரம், சட்டைக் கையை நீவிக்கொண்டே.

“வந்த புதுசில அகதி விசாரணைக்குக் கூப்பிட்டவங்கள். நடந்ததைத்தானே சொல்லப்போறன், உண்மையைச் சொல்ல என்ன ஆயத்தம் எண்டு போனனான். வாயைத் திறந்தா முன்னுக்கு நடந்தது பின்னுக்கு வருது, பின்னுக்கு நடந்தது முன்னுக்கு வருது. மொழிபெயர்க்கிற ஆள் என்னைப் பார்க்குது, நான் அந்தாளைப் பார்க்கிறன். பொய் எண்டு எழுதிப்போட்டாங்கள்.”

“பிறகு?”

“பிறகென்ன. மறு விசாரணை வரைக்கும் வருசக்கணக்கா ஒரு அறையில நாலு பேர். உண்மைக்கும் வாய்ப்பழக்கம் வேணும், தம்பி.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

அந்தக் கட்டிடத்தில் நிலவறையில் பொதுச் சலவை அறை இருந்தது. வீட்டுக்கு ஒரு நாள். அக்காவுக்கு வியாழக்கிழமை. அதுதான் அவருடைய ஒத்திகை மண்டபமும். மேல்வீட்டில் ஒரு சுவிஸ்காரர் இருந்தார்; ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தரையில் ஏதோ உருட்டுவார், நம்முடைய தலைக்கு மேல் வண்டில் ஓடும். அவரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்று அக்கா முடிவெடுத்தார். வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு மேல்வீட்டுக்காரர் ஆக்கினார். முதலில் சத்தம் போட்டுத் திட்டினார். பிறகு மரியாதையாக, தன் கணவர் இரவு வேலை செய்து வந்து பகலில் படுப்பவர் என்று எடுத்துச் சொன்னார். மூன்றாவதாக அழுகிற மாதிரி ஒன்று. எல்லாம் ஜெர்மனில். உடுப்புக் காயப்போடுகிற பக்கத்து அறையின் கதவு திறந்தது. மேல்வீட்டுக்காரர் கூடையோடு நின்றார். “இரண்டாவதுதான் நல்லது,” என்று சொல்லிவிட்டுப் படியேறினார். அடுத்த கிழமை மேலே கம்பளம் போட்டாயிற்று.

பிரசாவுரிமை நேர்காணலுக்கும் என்னை நகரசபைக்காரன் ஆக்கினார். பழைய கடதாசி எந்த நாளில் வெளியே வைக்க வேண்டும், எந்த மலையில் ஏறியிருக்கிறீர்கள் என்று நான் கேட்க வேண்டும். மலைக் கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது என்று அண்ணையையும் இழுத்துக்கொண்டு ஊட்லிபெர்க் ஏறி இறங்கினார். இரண்டு பேருக்கும் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்தது. கிடைத்து, மேசை லாச்சிக்குள் போனது. வெளியே வரவில்லை.

அதற்குக் காரணம் அண்ணை.

அக்காவுக்குக் கந்தோர்கள் கழுவுகிற வேலை, அண்ணைக்கு ரயில் பெட்டிகள் துப்புரவு செய்கிற வேலை. நல்ல மனிதர், குறைந்த பேச்சு. ஊரில் ஒரு ஆமிச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைக் கொடுத்தவர், வீடு வந்துசேர இரண்டு மாரி போனது. வந்த நாளிலிருந்து சீருடைக்கு முன்னால் அவருக்குக் குரல் வராது. நகரசபையில் தப்பிவிட்டார், ஏனென்றால் அங்கே சாதாரணச் சேட்டுப் போட்ட ஆட்கள், மேசையில் கோப்பி. ஆனால் ரயிலில் டிக்கட் பார்க்க வருகிறவரைக் கண்டாலே கண் சன்னலுக்குப் போய்விடும். அக்காதான் இரண்டு அட்டையையும் நீட்டுவார். தான் கழுவுகிற ரயிலிலேயே அந்த மனிதர் அப்படித்தான் இருந்தார்.

ஒரு பின்னேரம் தொலைக்காட்சியில் தாய்வான் தீவைக் காட்டினார்கள். கடலை ஒட்டி ஒரு ரயில். நானும் அங்கேதான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

“உந்த ரயில் தீவை முழுக்கச் சுத்திப்போட்டு வெளிக்கிட்ட இடத்துக்கே வருதாம்,” என்றார் அண்ணை. “ஒருக்கா இருந்து பார்க்க வேணும்.”

அக்கா சத்தத்தை நிறுத்தினார். “என்ன சொன்னீங்கள்?”

“சும்மா சொன்னன்.”

“திருப்பிச் சொல்லுங்கோ.”

“உதில ஒருக்கா இருந்து சுத்திப் பார்க்க வேணும் எண்டு.”

அக்கா என்னைப் பார்த்தார். “கேட்டனீரோ தம்பி? கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில உந்த மனுசன் தனக்கெண்டு ஒண்டு கேட்டதை நீர் கேட்டிருக்கிறீர். சாட்சி.” பிறகு அண்ணையிடம், “போறம்.”

அவர்களுடைய மகள் ஆரபி இங்கே பிறந்தவள். ஊஸ்டரில் தனியாக இருந்தாள், காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. கேட்டதும் துள்ளினாள். “பக்கேஜ் ஒண்டு எடுங்கோ அம்மா. பஸ், ஹோட்டல், கைட், எல்லாம் அவங்கள் பார்ப்பினம்.”

“அவங்கள் பார்த்தா நாங்கள் என்னத்தைப் பார்க்கிறது?” என்றார் அக்கா.

சொந்தக்காரர் வேறு மாதிரி. சித்திரை விடுமுறையில் லண்டனில் ஒரு சாமத்தியச் சடங்கு இருந்தது. வரமாட்டோம், தாய்வான் போகிறோம் என்று அக்கா சொன்னதும் தொலைபேசியில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “அங்க ஆர் இருக்கினம்?” நம்முடைய ஆட்களுக்குப் பயணம் என்றால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது. பாரிஸ் என்றால் பெரியம்மா, கனடா என்றால் மச்சாள். கோபுரத்தையும் நீர்வீழ்ச்சியையும் போகிற வழியில் பார்ப்பது.

“ஒருத்தரும் இல்லை,” என்றார் அக்கா. “அதுதான் போறம்.”

ஆனால் பெட்டி கட்டத் தொடங்கியபோது அவரே திகைத்துவிட்டார். மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, பிள்ளைகளுக்குச் சொக்லேட், இவை இல்லாமல் ஒரு பெட்டியை எப்படி நிரப்புவது? பாதிப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. திறந்து திறந்து பார்த்தார். “ஆருக்கும் ஒண்டும் கொண்டுபோகாத பெட்டி இவ்வளவு பாரம் குறைஞ்சதோ,” என்றார்.

திட்டம் குசினி மேசையில் நடந்தது. ஆரபி கைக்கணினியில் தீவின் படத்தைக் காட்டினாள். அக்கா தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, “வத்தாளங்கிழங்கு மாதிரிக் கிடக்கு,” என்றார். உடனே தமிழ்க்கடையில் வாங்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒன்றை எடுத்துக் கழுவி, நிமிர்த்தி வைத்தார். ஊர்களுக்குக் கராம்பு. மேலே தாய்பே என்று ஒன்று குத்தினார். வலப்பக்கம், கிழக்குக் கடலோரம், ஹுவாலியன். அதற்குக் கீழே தைதுங். அடியைச் சுற்றி இடப்பக்கம் வந்தால் காவ்ஷியுங், தைனான், பிறகு மறுபடி தாய்பே. ஒரு கிழமைப் பயணம். ஒவ்வொரு கராம்பிலும் ஒரு இரவு, அண்ணைக்குப் பிடித்த இடத்தில் இரண்டு.

“ஹுவாலியனில ஒரு மலைப் பள்ளத்தாக்கு இருக்கு, அம்மா. எல்லாரும் போவினம். நடுவில ஒரு பெரிய குளமும் இருக்கு.”

“பிள்ளை, மலையும் குளமும் பார்க்க ஆரும் சுவிசில இருந்து வெளிக்கிடுவினமோ?” அக்கா கேட்டார். “கடல். கடலும் ரயிலும். இடையில நல்ல சாப்பாடு.”

தாய்வானில் மச்சம், மாமிசம் சேராத சாப்பாட்டுக் கடைகள் தெருவுக்குத் தெரு இருப்பதாக ஆரபி வாசித்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை விரதப் பிரச்சினையும் தீர்ந்தது. அண்ணை விரலால் கராம்புகளைத் தொட்டுத் தொட்டு ஒரு சுற்று வந்தார். மூன்றாம் நாள் கிழங்கு வாடத் தொடங்க, அக்கா அதை அவித்தார். “காவ்ஷியுங் எனக்கு,” என்று அண்ணை ஒரு துண்டை எடுத்தார்.

எல்லாம் சுலபம், ஒன்றைத் தவிர. அந்தத் தீவில் இறங்கிய இடத்தில் ஒரு கண்ணாடிக் கூடு இருக்கும். உள்ளே சீருடையோடு ஒருவர் இருப்பார். அவருக்கு முன்னால் அண்ணை தனியாக நின்று, கேட்டதற்கு வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். சூரிச்சில் இயந்திரம்தான் முகம் பார்க்கிறது. இயந்திரத்தோடு அண்ணைக்குப் பகை இல்லை. அங்கே ஆள். ஒருவர் ஒருவராகத்தான் விடுவார்கள் என்று ஆரபி விசாரித்துச் சொல்லியிருந்தாள். அக்கா பக்கத்தில் நின்று அட்டை நீட்ட முடியாது.

என்னுடைய நீலச் சட்டைக்கு அப்போதுதான் வேலை வந்தது.

வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து சட்டையோடும் தொப்பியோடும் சலவை அறைக்குப் போவேன். உடுப்பு மடிக்கிற மேசை கவுண்டர். நான் பின்னால் இருப்பேன். அண்ணை தரையில் ஒட்டிய நாடாவுக்கு அப்பால் நின்று, நான் கையசைத்ததும் வருவார்.

“ஏன் வந்தனீங்கள்?” என்பேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

முதல் கிழமை அவருக்கு உள்ளங்கை ஈரமாகி, கடவுச்சீட்டில் கறை பட்டது. என்னோடு தேத்தண்ணி குடிக்கிற மனிதர். நான்தான் என்று தெரியும். தொப்பி வேறு ஆளாக்கிவிடுகிறது. இரண்டாம் கிழமை “ரூறிஸ்ட்” என்ற சொல் வெளியே வந்தது. நாலைந்து கிழமையில் தங்கும் ஊர்களின் பெயர்கள், திரும்பும் நாள், எல்லாம் மடமடவென்று வந்தன. அக்கா சலவைக் கூடையைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்று வாய்க்குள் கூடவே சொல்லுவார்.

“இனி வெளியில பார்ப்பம்,” என்றார்.

வெளி ஒத்திகைக்கு அவர் தேர்ந்தெடுத்தது போடன்சே வாவி. தீவைச் சுற்றுவதும் வாவியைச் சுற்றுவதும் ஒன்றுதான், தண்ணீர் உள்ளே இருப்பதுதான் வித்தியாசம் என்றார். ரோமான்ஸ்ஹோர்னில் கப்பல் ஏறி மறுகரை ஜெர்மனி, அங்கிருந்து ரயிலில் ஒஸ்திரியா, பிறகு சுவிஸ். ஒரு சனிக்கிழமை, பயணத்துக்கு வைத்திருந்த பெட்டிகளோடேயே வெளிக்கிட்டோம். பெட்டிக்குள் பாரத்துக்கு அரிசி மூட்டை. கப்பலில் அண்ணை மேல்தட்டில் நின்று காற்று வாங்கினார். சந்தோசமாக இருந்தார்.

மறுகரையில் இறங்குகிற பாலத்தில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். இடைக்கிடை நிற்பார்கள். ஒருவர் மரியாதையாகத்தான் கையை நீட்டினார்.

அண்ணையின் கை சட்டைப்பைக்குப் பாதி வழி போய் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வாய் திறந்திருந்தது. பொலிஸ்காரர் இன்னொரு தரம் கேட்டார். அக்கா குறுக்கே வந்து, அவருடைய சட்டைப்பையில் கைவிட்டு எடுத்து நீட்டினார். சிவப்பு அட்டையைக் கண்டதும் அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. நல்ல பயணம் என்று வாழ்த்தினார்கள்.

அண்ணை கரையில் கிடந்த ஒரு மர வாங்கில் போய் உட்கார்ந்தார்.

“திரும்பிப் போவம்,” என்றார்.

“ரயில் அங்கால நிக்குது. ஏறினாச் சுத்தி முடிச்சிடலாம்,” என்றார் அக்கா.

“இஞ்சாரும், என்னால ஏலாது. நீர் பிள்ளையோட போய்ப் பாரும். எனக்குப் படம் காட்டினாக் காணும்.”

வந்த கப்பலிலேயே திரும்பினோம். அரிசி மூட்டை மறுபடி படியேறியது.

அடுத்த வியாழன் நான் போனபோது அக்கா உடுப்பு மட்டும் தோய்த்தார். அதற்கு அடுத்ததும் அப்படியே. ஆரபி வந்து, பயணத்தைத் தள்ளிப்போடுவோம், அப்பாவை வருத்தாதீர்கள் என்றாள். அக்கா உடுப்பை மடித்து அடுக்கினார். அவர் ஒரு காரியத்துக்கு ஒத்திகை பார்க்காமல் இருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். வீடு சத்தம் குறைந்து கிடந்தது.

மூன்றாவது வியாழன் எனக்கு அழைப்பு வந்தது. “சட்டையைக் கழட்டிக் கொண்டு வாரும். போட்டுக்கொண்டு வராதேயும்.”

போனேன். அக்கா சட்டையை என் கையிலிருந்து வாங்கி அண்ணையிடம் கொடுத்தார்.

“எனக்கேன்?”

“போடுங்கோ. ஒத்திகையில பிழை இல்லை. ஆளைத்தான் மாத்தி நிப்பாட்டிப்போட்டம்.”

அண்ணைக்கு அந்தச் சட்டை தோளில் கொஞ்சம் பெரிது. தொப்பியைக் கையில் வைத்து உருட்டிவிட்டு, தலையில் வைத்தார். மேசைக்குப் பின்னால் போய் இருந்தார். நான் நாடாவுக்கு அப்பால் நின்றேன். அவர் கையசைக்க மறந்தார். “கூப்பிடுங்கோ,” என்றார் அக்கா. கூப்பிட்டார்.

அகதிகளுக்குக் கொடுக்கிற என்னுடைய பயணப் பத்திரத்தை நீட்டினேன். முதலில் மெல்ல, பாடம் ஒப்புவிப்பதுபோல, பெயர் கேட்டார். சொன்னேன். அப்பாவின் பெயர் கேட்டார். அது நாங்கள் பழகிய கேள்வி இல்லை. சொன்னேன்.

“எங்கே இருந்து வாறது?”

குரல் மாறியிருந்தது. தமிழும் மாறியிருந்தது. ஊரில் சாவடிகளில் நின்றவர்கள் கதைத்த உடைந்த தமிழ்.

“இந்த ரோட்டாலே ஏன் வந்தது? யாரு சொன்னது? கையைத் தூக்கு.”

நான் தூக்கினேன். எனக்கும் அந்தக் குரல் தெரியும். பின்னால் இயந்திரம் உடுப்பை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. அண்ணை என்னுடைய பத்திரத்தைத் திறந்து படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இயந்திரம் சுற்றி முடிந்து நின்றது.

“உதில நீர் சிரிக்கேல்லை,” என்றார், தன் சொந்தத் தமிழில்.

“சிரிக்கப்படாதெண்டு படம் எடுத்தவன் சொன்னவன், அண்ணை.”

அவருடைய உதடு கோணியது. பிறகு சிரிப்பு வந்தது. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். முடிந்ததும் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

“இதில இருந்தாக் கால் குளிருது. முதுகு சாய ஒண்டும் இல்லை. முன்னால வாற ஆள் எப்ப போய்த் துலையும் எண்டுதான் இருக்கு,” என்றார். கொஞ்சம் யோசித்தார். “உவங்களுக்கும் அப்பிடித்தானோ?”

“வேலைதானே, அண்ணை. எனக்குக் கார் நிறுத்துமிடத்தில அப்பிடித்தான்.”

“இவ்வளவு நாளும் அவன் என்னைப் பற்றி யோசிக்கிறான் எண்டெல்லோ நினைச்சனான்.”

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அவரிடம் நான் பட்ட பாடு. தாடி வழிக்காமல் போனால், “இண்டைக்கு விடேலாது, வழிச்சுப்போட்டு வாரும்” என்று நாடாவுக்குப் பின்னால் அனுப்புவார். தீவில் எத்தனை நாள் என்று கேட்டு, சொன்னதும், “காணாது, இன்னும் ரெண்டு நாள் நில்லும்” என்பார். ஒரு தரம் மேல்வீட்டுச் சுவிஸ்காரர் துவாய் எடுக்க வந்தார். அண்ணை அவரையும் மறித்துக் கடவுச்சீட்டுக் கேட்டார். அவர் தன் சலவை அறைத் திறப்பைச் சாவிக்கொத்தோடு எடுத்து நீட்ட, அண்ணை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, போகலாம்” என்றார். அக்கா கூடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

நானும் வரவேண்டும் என்றுதான் அவர்களுக்கு ஆசை. என்னுடைய பத்திரத்துக்கு அந்தத் தீவு விசா கேட்டது. அலைய நேரமில்லை, விட்டுவிட்டேன். சித்திரையில் ஒரு காலை, விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு வரைக்கும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணை முகம் வெளிறித்தான் இருந்தது. அக்கா அவருடைய கொலரைச் சரிசெய்தார். பிறகு உள்ளே போய்விட்டார்கள்.

அடுத்த நாள் ஒரு செய்தியும் இல்லை. ஆரபிக்கு எடுத்தேன்.

“இறங்கிட்டினம், மாமா. ‘எல்லாம் நல்லாப் போச்சுதோ’ எண்டு எழுதினன். அம்மா ‘ஓம்’ எண்டு மட்டும் போட்டிருக்கிறா.”

“வேற?”

“வேற ஒண்டும் இல்லை. எனக்குப் பயமா இருக்கு.”

எனக்கும்தான். அக்கா ஒரு சொல்லோடு நிறுத்துகிறவர் இல்லை. இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், தொலைபேசியில் அண்ணையின் பெயர் வந்தது. அவர் எனக்கு அதுவரை அழைப்பு எடுத்ததே இல்லை. கையிலிருந்த பாண் துண்டை வைத்துவிட்டு எடுத்தேன். பின்னால் காற்றும் ஏதோ அறிவிப்பும் கேட்டன.

“தம்பி, தைதுங்கில நிக்கிறம். ஸ்ரேசனில. கடல் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

“அண்ணை, அந்தக் கவுண்டர்—”

“அதைச் சொல்லத்தான் எடுத்தனான். கவுண்டரில ஒரு பிள்ளை. எங்கட ஆரபியின்ர வயசு. கொட்டாவி விட்டவ. நான் கேட்டன், ‘லோங் டே?’ எண்டு.”

“நீங்கள் கேட்டனீங்களோ?”

“ஓம். அவ கேட்க முதல் நான் கேட்டன். ‘யெஸ், வெரி லோங்’ எண்டு சொல்லிச் சிரிச்சவ. விரலை வை எண்டா, வைச்சன். படம் எடுத்தா. முடிஞ்சுது. சப்பெண்டு போச்சு. ஊர்ப் பேருகள் எல்லாம் பாடமாக்கி வைச்சிருந்தன், ஒண்டும் கேட்கேல்லை. பிறகு திரும்பிப் பார்க்கிறன், இவ நிக்கிறா.”

“அக்காவோ?”

“விரல் அடையாளம் எடுக்கிற மெஷின் இவவின்ர விரலைப் பிடிக்குதில்லை. இவ்வளவு காலம் கந்தோர் கழுவின கைதானே, ரேகை எல்லாம் தேஞ்சுபோச்சு. திரும்பத் திரும்ப வைக்கிறா, சிவப்பு லைட்தான் எரியுது. அந்தப் பிள்ளை மேலதிகாரியைக் கூப்பிட்டா. ரெண்டு பேர் வந்திட்டினம், தொப்பியோட. என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு கேட்கினம். தம்பி, இவவுக்கு வாய் வரேல்லை.”

எல்லாருக்கும் பழக்கினவர், அந்தக் கவுண்டருக்கு முன்னால் தான் ஒரு தரமும் நின்று பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏதோ விசாரணையில இருக்கிற ஆள் மாதிரி இவ என்னைப் பார்த்தவ. நான் கோட்டைத் தாண்டித் திரும்பிப் போனன். திரும்பி வரப்படாதெண்டு ஒருத்தன் கை காட்டினவன். ‘ஒரு நிமிசம், என்ர மனிசி’ எண்டு சொன்னன். தமிழில சொன்னனோ இங்கிலீசில சொன்னனோ தெரியாது. எங்கட வேலையிலயும் விரல் வைக்கிற மெஷின் இருக்கெல்லோ, கழுவுற மருந்து பட்ட கையை அது பிடிக்காது. நெத்தியில தேய்ச்சுப்போட்டு வைச்சாப் பிடிக்கும். இவவின்ர விரலைப் பிடிச்சு என்ர நெத்தியில தேய்ச்சன். எனக்குத்தானே எப்பவும் வேர்த்து எண்ணெய் வழியிறது. வைச்சன். பச்சை.”

“அவையள் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“தொப்பிக்காரர் ரெண்டு பேரும் தங்கட நெத்தியைத் தொட்டுப் பார்த்தவை.”

அவர் சிரித்தார். பிறகு கிழக்குக் கரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ரயில் சுரங்கத்துக்குள்ளிருந்து வெளியே வந்ததும் ஒரே வெளிச்சமாகக் கடல், மறுபடி சுரங்கம், மறுபடி கடல். டிக்கட் பார்க்க வந்தவரிடம் தானே எழும்பிக் காட்டியது. ஹுவாலியனில் ஒரு கடையில் பெயர் தெரியாத கீரை. நான் அவரிடம் அவ்வளவு சொற்களை ஒருங்கே கேட்டதில்லை. என் சாப்பாட்டு நேரம் முடிந்தது, வைக்க மனம் வரவில்லை.

“அக்காவிட்டைக் குடுங்கோ,” என்றேன் கடைசியில்.

அக்கா வந்தார். “தம்பி, சாப்பிட்டனீரோ?”

“ஓம் அக்கா. நீங்கள் அந்த விரலுக்கு ஒத்திகை பார்க்கேல்லையே.”

“இல்லை,” என்றார். “ஆரபிக்கு இன்னும் சொல்லேல்லை. எழுத நினைச்சு நினைச்சு, ‘ஓம்’ மட்டும்தான் வந்துது.” மூக்கை உறிஞ்சினார். “இனித் தெற்கைச் சுத்தி மற்றப் பக்கத்தால போறம். வந்த வழிக்குத் திரும்புற வேலை இல்லை.”

தூரத்தில் ரயில் கூவுவது கேட்டது. சக்கரப் பெட்டி ஒன்று தடதடவென்று உருண்டுபோனது.

“வைக்கிறன் தம்பி. உந்த மனுசன் என்னைத் திரும்பியும் பார்க்காமல் முன்னால போறார்.”